பிடிஆர்எஃப்எஸ் மீது போஸ்ட்கிரெஸ்: நெல் கொள்வனவுக் கணக்குக்குக் கொப்பி-ஒன்-ரைட்டை நிறுத்தலாமா?

சங்கக்கணக்கு (புதுக்குடியிருப்பு) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எமது பகுதியில் நெல் கொள்வனவு செய்யும் ஒரு சங்கத்தின் கணினி வேலைகளை நான் பார்த்து வருகிறேன். உறுப்பினர்கள் கொண்டுவரும் நெல்லின் நிறை, ஈரப்பதன், அவர்கள் முன்னர் பெற்ற விதைநெல் கடன், பசளைக் கடன், கழிவு போக அவர்களுக்குச் சேர வேண்டிய மிகுதிப் பணம் ஆகிய அனைத்தும் போஸ்ட்கிரெஸ் 15 தரவுத்தளமொன்றில் பதிவாகின்றன. பற்றுச்சீட்டுகளின் படங்களையும் அதற்குள்ளேயே வைத்திருக்கிறோம். மொத்த அளவு 42 ஜிகாபைட். அதில் 33 ஜிகாபைட் வெறும் படங்கள்.

சேர்வரில் 8 ஜிகாபைட் நினைவகமும், நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் இரண்டு 2 டெராபைட் வன்தட்டுகளும் உள்ளன. இரண்டையும் பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமையில் ரெயிட் 1 ஆக (ஒரே தரவு இரண்டு தட்டுகளிலும் இருக்கும்படி) இணைத்திருக்கிறோம். அமுக்கம் இயக்கப்படவில்லை. மணித்தியாலத்துக்கு ஒரு ஸ்னாப்ஷொட் (அந்தக் கணத்து நிலையின் பிரதி) தானாக எடுக்கப்படுகிறது. அவற்றை இரண்டு வாரங்களுக்கு வைத்திருக்கிறோம். ஒரு தட்டு பழுதானாலும் மற்றது இருக்கும், யாராவது தவறுதலாக எதையாவது அழித்தாலும் முந்தைய மணித்தியாலத்துக்குத் திரும்பலாம் என்பதற்காகவே இந்த அமைப்பைத் தெரிவு செய்தோம்.

முதலாவது ஆண்டில் எந்தக் குறையும் தெரியவில்லை. இப்போது காலபோக அறுவடை தொடங்கி, நாள் முழுவதும் உழவு இயந்திரங்கள் வரிசையில் நிற்கும் நேரத்தில், ஓர் உறுப்பினரின் முழுக் கணக்கை எடுக்கவே திரை நீண்ட நேரம் உறைந்து நிற்கிறது. மாலையில் எல்லோருடைய மிகுதியையும் ஒன்றாகக் கணக்கிடும் அறிக்கை அரை மணித்தியாலத்தையும் தாண்டுகிறது. அத்துடன் 42 ஜிகாபைட் தரவுத்தளத்துக்காக வட்டில் 400 ஜிகாபைட்டுக்கு மேல் செலவாகியிருக்கிறது.

தரவுத்தள அடைவுக்கு 'சாட்டர் +சி' கொடுத்துக் கொப்பி-ஒன்-ரைட்டை நிறுத்திவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒருவர் ஆலோசனை கூறினார். அதைச் செய்தால் நாம் இழப்பது என்ன? ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தின் ஸ்னாப்ஷொட்டை மீட்டெடுக்கக்கூடிய பிரதியாகக் கருதலாமா? இது ஏழை விவசாயிகளின் கணக்கு என்பதால், வேகத்தை விடச் சரியாக இருப்பதே எனக்கு முக்கியம்.

முத்தையன்கட்டு பதில்:

வணக்கம் தம்பி. முதலில் உங்கள் வட்டில் என்ன நடக்கிறது என்பதைப் பார்ப்போம். அது விளங்கினால் '+சி' என்ன செய்யும், என்ன செய்யாது என்பது தானாகவே விளங்கும்.

இஎக்ஸ்டி4 போன்ற கோப்பு முறைமையில் ஒரு பக்கத்தை மாற்றினால் பழைய இடத்திலேயே புதிய தரவு எழுதப்படும். பிடிஆர்எஃப்எஸ், இசட்எஃப்எஸ் ஆகியவை அப்படிச் செய்வதில்லை. கணக்குப் பேரேட்டில் பழைய வரியை அழிக்காமல் அடுத்த வெற்றுப் பக்கத்தில் திருத்தத்தை எழுதிவிட்டு, பொருளடக்கத்தை மட்டும் புதுப் பக்கத்துக்கு மாற்றுவதைப் போல, புதிய தரவை வெற்றிடத்தில் எழுதிய பின்னரே சுட்டியை மாற்றுகின்றன. இதுதான் கொப்பி-ஒன்-ரைட். எழுதும் நடுவில் மின்சாரம் போனாலும் பழைய பக்கம் பழுதின்றி இருக்கும் என்பதும், ஸ்னாப்ஷொட் ஒரு நொடியில் முடிவதும் இதனால்தான்.

இதன் விலையைத் தரவுத்தளந்தான் கூடுதலாகக் கொடுக்கிறது. போஸ்ட்கிரெஸ் 8 கிலோபைட் பக்கங்களாக எழுதுகிறது. ஒவ்வோர் அட்டவணையையும் 1 ஜிகாபைட் கோப்புகளாகப் பிரித்து வைக்கிறது. அப்படியான ஒரு கோப்பில் 131072 பக்கங்கள் இருக்கும். இன்று காலை ஒருவரின் மிகுதி மாறுகிறது, நண்பகலில் இன்னொருவருடையது மாறுகிறது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் அந்தப் பக்கம் வட்டின் வேறோர் இடத்துக்குப் போய்விடுகிறது. ஆரம்பத்தில் ஒரே நீளமாகக் கிடந்த கோப்பு ஓராண்டில் தட்டு முழுவதும் சிதறிவிடுகிறது. உங்கள் மிகுதி அட்டவணையின் கோப்பொன்றில், அது எத்தனை துண்டுகளாகக் கிடக்கிறது என்று காட்டும் 'பைல்ஃப்ராக்' கட்டளையை ஓட்டிப் பாருங்கள். அமுக்கம் இயக்கப்படாததால் அது தரும் எண்ணை அப்படியே நம்பலாம். (அமுக்கம் இருந்திருந்தால் 128 கிலோபைட்டுக்கு ஒரு துண்டு என்று மிகைப்படுத்திக் காட்டியிருக்கும்.)

பலர் கவனிக்காத இன்னொரு விடயமும் உண்டு. போஸ்ட்கிரெஸில் வெறுமனே படிப்பதுகூடச் சில வேளை எழுத்தாக மாறும். ஒரு வரியை எழுதிய பரிவர்த்தனை முடிந்ததா இல்லையா என்பதை, அதை அடுத்து வாசிக்கும் வினவல் கண்டறிந்து, அந்த வரியிலேயே சிறு குறியாகப் பதிந்து வைக்கும். இதை ஹின்ட் பிட் என்பார்கள். அந்தக் குறிக்காகப் பக்கம் மாறியதாகக் கணிக்கப்பட்டு, பின்னர் வட்டுக்குப் போகும். ஆகவே உங்கள் மாலை அறிக்கை அன்று மாறிய பக்கங்களைப் படிக்கும்போது, அவற்றில் பலவற்றை இன்னொரு தடவை இடம்பெயர்க்கவும் செய்கிறது.

அடுத்தது, 400 ஜிகாபைட் எங்கே போனது என்பது. அதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன. ஒன்று உங்களுக்கே தெரியும்: ஒவ்வொரு ஸ்னாப்ஷொட்டும் அந்த நேரத்துப் பழைய பக்கங்களை விடாமல் பிடித்து வைத்திருக்கிறது. இரண்டாவது பிடிஆர்எஃப்எஸ்ஸுக்கே உரியது. அது தரவை எக்ஸ்டென்ட் எனப்படும் நீளத் துண்டுகளாக எழுதுகிறது. அமுக்கம் இல்லாதபோது ஒரு துண்டு 128 மெகாபைட் வரை நீளலாம். அதன் நடுவில் 8 கிலோபைட்டை மாற்றினால் புதிய 8 கிலோபைட் வேறிடத்தில் எழுதப்படும். ஆனால் பழைய துண்டு வெட்டப்பட்டு நடுப்பகுதி விடுவிக்கப்படுவதில்லை. அந்தத் துண்டின் கடைசி 4 கிலோபைட்டை ஏதாவது ஒரு கோப்பு சுட்டிக்கொண்டிருக்கும் வரை முழுத் துண்டும் இடத்தைப் பிடித்திருக்கும். எனவே ஸ்னாப்ஷொட் ஒன்றுகூட இல்லாவிட்டாலும் அடிக்கடி மாறும் அட்டவணை ஏறத்தாழ இரு மடங்கு இடத்தை எடுத்துக்கொள்ளலாம். 'கொம்ப்சைஸ்' கருவி இதைத் தெளிவாகக் காட்டும். கோப்புகள் உண்மையில் சுட்டும் அளவு ஒரு நிரலிலும், வட்டில் பிடிபட்டுள்ள அளவு இன்னொரு நிரலிலும் இருக்கும்.

இனி '+சி'. அதைக் கொடுக்கும்போது செக்சம் (தரவு பழுதாகிவிட்டதா என்று சரிபார்க்க உதவும் எண்) நின்றுவிடும், அமுக்கமும் நின்றுவிடும். செக்சம் இல்லாத ரெயிட் 1 இல் இரண்டு பிரதிகளும் முரண்பட்டால் எது சரி என்று பிடிஆர்எஃப்எஸ்ஸுக்குத் தெரியாது. வட்டு முழுவதையும் வாசித்துச் சரிபார்க்கும் ஸ்க்ரப் ஓட்டினாலும் அந்தக் கோப்புகளில் எந்த முரணும் அதன் கண்ணில் படாது. ஒரு வட்டின் சாட்டா வயர் தளர்ந்து, அந்த வட்டு சில மணித்தியாலம் விலகி நின்றுவிட்டுத் திரும்பிச் சேர்ந்தால், பழைய தரவு உள்ள அந்த வட்டிலிருந்தும் வாசிப்பு நடக்கும். நேற்றைய மிகுதி இன்றைய மிகுதியாகத் திரையில் வரும். அந்தப் பழைய பக்கம் தன்னளவில் பழுதற்றது என்பதால் போஸ்ட்கிரெஸின் சொந்தச் செக்சமும் அதைப் பிடிக்காது. நீங்கள் எதற்காக ரெயிட் 1 வைத்தீர்களோ அதையே '+சி' எடுத்துவிடுகிறது. விவசாயிகளின் கணக்குக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

மேலும், மணித்தியால ஸ்னாப்ஷொட்களை நிறுத்தாமல் '+சி' மட்டும் கொடுத்தால் வேகமும் பெரிதாகக் கிடைக்காது. ஸ்னாப்ஷொட் எடுத்த பின்னர் ஒரு பக்கத்தின் மீது விழும் முதல் எழுத்து, '+சி' உள்ள கோப்பிலும், கட்டாயம் புதிய இடத்துக்கே போகும்.

வவுனியா_வலை பதில்:

முத்தையன்கட்டு அண்ணா கூறிய விளக்கத்தை முழுமையாக ஏற்கிறேன். முடிவில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. '+சி' ஏதோ தகாத காரியம் என்பது போன்ற எண்ணம் வாசிப்பவர்களுக்கு ஏற்படக்கூடாது. சிஸ்டம்டி தன் ஜேர்னல் அடைவுக்குத் தானே அந்தக் குறியை இடுகிறது; ஓபன்சூசே லினக்ஸ் நிறுவும்போது 'வார்' உபதொகுதியை (கோப்பு முறைமைக்குள் தனியாகக் கையாளப்படும் பகுதியை)க் கொப்பி-ஒன்-ரைட் இன்றியே அமைக்கிறது. ஒரே வட்டு உள்ள கணினியில், போஸ்ட்கிரெஸ் செக்சத்தை இயக்கிவிட்டு '+சி' கொடுப்பது நியாயமான ஏற்பாடுதான்.

ஆனால் ஒன்றைக் கட்டாயம் நினைவில் வையுங்கள். ஏற்கெனவே தரவு உள்ள கோப்புக்கு '+சி' கொடுப்பதில் பயனில்லை. வெற்று அடைவொன்றை உருவாக்கி, அதற்குக் குறியை இட்டு, போஸ்ட்கிரெஸை நிறுத்திய பின்னர் கோப்புகளை உள்ளே புதிதாகப் பிரதி செய்ய வேண்டும். பிரதி செய்யும்போது, தரவைப் புதிதாக எழுதாமல் பழைய துண்டுகளையே பகிரும் 'ரீஃப்லிங்க்' முறையைத் தவிர்க்க வேண்டும். அதே போல, மவுண்ட் செய்யும்போது 'நோடேட்டாகௌ' கொடுத்தால் அது ஓர் உபதொகுதியோடு நிற்காது. முழுக் கோப்பு முறைமைக்கும் பொருந்திவிடும்.

உங்கள் நிலையில் வட்டுகள் இரண்டு என்பதால் ரெயிட் பற்றி அண்ணா சொன்ன ஆபத்து உண்மையானது. அப்படியென்றால் கொப்பி-ஒன்-ரைட் உள்ள கோப்பு முறைமையோடு மல்லுக்கட்டுவதை விட, தரவுத்தளத்தை அதிலிருந்து வெளியே எடுப்பதே எளிது என்பது என் கருத்து. இரண்டு எஸ்எஸ்டி வாங்கி, லினக்ஸின் சொந்த மென்பொருள் ரெயிடான எம்டி மூலம் ரெயிட் 1 ஆக இணைத்து, மேலே எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமையைப் போடுங்கள். எம்டியில் ஒரு வட்டு விலகினால் அது பழையதாகிவிட்டது என்று மற்ற வட்டின் பதிவிலேயே குறிக்கப்படும். திரும்பி வரும்போது ஒத்திசைக்காமல் அதிலிருந்து வாசிக்கப்படாது. அழுகிய பக்கத்தைக் கண்டுபிடிக்கும் வேலையைப் போஸ்ட்கிரெஸ் செக்சம் செய்யும். 15 ஆம் பதிப்பில் அது இயல்பாக இயக்கப்பட்டிருக்காது. தரவுத்தளத்தை ஒழுங்காக நிறுத்திவிட்டு 'பிஜி_செக்சம்ஸ்' கருவியால் இயக்கலாம்.

எக்ஸ்எஃப்எஸ்ஸிலும் ரீஃப்லிங்க் வசதி உண்டு. ஆனால் இரண்டு கோப்புகள் ஒரே துண்டைப் பகிரும்போது மட்டுமே அங்கே புதிய இடத்தில் எழுதப்படும். மற்ற வேளைகளில் பழைய இடத்திலேயே எழுதும். தேவைப்படும் இடத்தில் மட்டும் விலை கொடுக்கும் இந்த ஏற்பாடு தரவுத்தளத்துக்கு மிகவும் உகந்தது.

சங்கக்கணக்கு:

இருவருக்கும் நன்றி. இன்று கடமை முடிந்த பின்னர் நீங்கள் கூறிய இரண்டு கருவிகளையும் ஓட்டிப் பார்த்தேன். மிகுதி அட்டவணையின் முதலாவது 1 ஜிகாபைட் கோப்பு 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளாகக் கிடக்கிறது. படங்கள் உள்ள அட்டவணையின் கோப்பொன்றைப் பார்த்தால் துண்டுகள் மிகச் சிலவே. கொம்ப்சைஸ் கணக்கின்படி, படங்கள் தவிர்ந்த 9 ஜிகாபைட் தரவும் சுட்டுவரிசைகளும் வட்டில் 17 ஜிகாபைட்டைப் பிடித்திருக்கின்றன. மீதி எல்லாம் ஸ்னாப்ஷொட்களின் பங்கு.

சிதறிய துண்டுகளை ஒன்றாக்கும் டிஃப்ராக் கட்டளையை ஓட்டினால் இப்போதைக்காவது சமாளிக்கலாமா? ஸ்னாப்ஷொட்டை நம்பலாமா என்ற கேள்விக்கும் விடை வேண்டும். இங்கு ஐப்பசி, கார்த்திகையில் இடி மின்னலோடு மின்சாரம் போய்ப் போய் வரும். அறுவடைக் காலத்திலும் மின்தடை உண்டு. யூபிஎஸ் இருக்கிறது; ஆனால் அதன் பற்றரி பழையது.

அறிவியல்நகர் பதில்:

டிஃப்ராக் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்: ஸ்னாப்ஷொட்கள் இருக்கும்போது அதை ஓட்ட வேண்டாம். பிடிஆர்எஃப்எஸ்ஸில் டிஃப்ராக் செய்தால் கோப்புக்கும் ஸ்னாப்ஷொட்டுக்கும் இடையிலுள்ள பகிர்வு முறிந்துவிடும். இடச்செலவு இன்னும் கூடும். 'ஓட்டோடிஃப்ராக்' என்ற மவுண்ட் தெரிவு, உலாவியின் சிறிய எஸ்க்யூலைட் கோப்புகள் போன்றவற்றுக்கு உதவும். பெரிய தரவுத்தளத்துக்கு உரியதன்று.

உங்கள் 60 ஆயிரம் என்ற எண்ணை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இத்தகைய வன்தட்டு ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்ந்து வாசிக்க ஏறத்தாழ 10 மில்லிசெக்கன் எடுக்கும். 60 ஆயிரம் துண்டுகளும் வெவ்வேறு இடங்களில் இருந்தால் 600 செக்கன், அதாவது பத்து நிமிடம். அதே 1 ஜிகாபைட் ஒரே நீளமாக இருந்திருந்தால், செக்கனுக்கு 150 மெகாபைட் என்று கொண்டாலும், ஏழு செக்கன் போதும். அருகருகே கிடக்கும் துண்டுகளும் இருக்கும் என்பதால் நடைமுறையில் பத்து நிமிடத்தை விடக் குறையும். ஆனாலும் உங்கள் அரை மணித்தியால அறிக்கைக்கு வேறு காரணம் தேடத் தேவையில்லை. எஸ்எஸ்டியில் நகரும் தலை இல்லாததால் இந்தச் சுமையின் பெரும்பகுதி போய்விடும். துண்டுகளின் பட்டியலைப் பராமரிக்கும் சுமை மட்டும் எஞ்சும்.

ஸ்னாப்ஷொட் பற்றிய கேள்விக்கு விடை: நம்பலாம், நிபந்தனையோடு. ஸ்னாப்ஷொட் எடுத்த கணத்தில் மின்சாரம் போயிருந்தால் வட்டில் என்ன இருந்திருக்குமோ அதுவே அந்தப் பிரதியில் இருக்கும். போஸ்ட்கிரெஸ் அதைத் திறக்கும்போது வோல் எனப்படும் முன்னெழுத்துப் பதிவை மீள ஓட்டித் தன்னைச் சரிசெய்துகொள்ளும். இதற்குத் தரவும் வோலும் ஒரே கணத்தில் பிடிபட்டிருக்க வேண்டும். பிடிஆர்எஃப்எஸ்ஸில் ஓர் உபதொகுதியின் ஸ்னாப்ஷொட் அதற்குள் இருக்கும் இன்னோர் உபதொகுதிக்குள் இறங்காது. யாராவது வேகத்துக்காக வோலைத் தனி உபதொகுதியாக மாற்றியிருந்தால் உங்கள் பிரதியில் அந்த இடம் வெற்று அடைவாகவே இருக்கும். இசட்எஃப்எஸ்ஸில் '-ஆர்' தெரிவோடு எடுக்கும்போது கீழுள்ள எல்லாத் தொகுதிகளும் ஒரே கணத்தில் பிடிபடும். இரண்டும் வெவ்வேறு கோப்பு முறைமைகளில் இருந்தால் 'பிஜி_பேக்கப்_ஸ்டார்ட்', 'பிஜி_பேக்கப்_ஸ்டொப்' ஆகிய இரண்டுக்கும் இடையிலேயே எடுக்க வேண்டும்; 15 ஆம் பதிப்புக்கு முன்னர் இவற்றின் பெயர் வேறு. எப்படி எடுத்தாலும், அதே வட்டுகளில் இருக்கும் ஸ்னாப்ஷொட் அந்த வட்டுகள் பழுதாகும்போது கூடவே போய்விடும்.

நான் சில ஆண்டுகளாக இசட்எஃப்எஸ் மீது போஸ்ட்கிரெஸ் ஓட்டி வருகிறேன். கொப்பி-ஒன்-ரைட்டின் பாதுகாப்பும் வேண்டும், வேகமும் வேண்டும் என்றால் அது நன்றாக இணங்கிப்போகும். ஆனால் இயல்பு அமைப்போடு விட்டுவிடக்கூடாது. அதன் ரெக்கார்ட்சைஸ் (ஒரே அலகாக எழுதும் பதிவின் அளவு) இயல்பாக 128 கிலோபைட். 8 கிலோபைட் பக்கமொன்றை மாற்ற 128 கிலோபைட்டை வாசித்துத் திருத்தி முழுவதையும் புதிதாக எழுத வேண்டியிருக்கும். எனவே தரவைப் போடுவதற்கு முன்னரே அதை 8 அல்லது 16 கிலோபைட்டாகக் குறைக்க வேண்டும்; பின்னர் மாற்றினால் புதிதாக உருவாகும் கோப்புகளுக்கே அது பொருந்தும். நான் 16 ஐ விரும்புகிறேன். 4 கிலோபைட் செக்டர் உள்ள வட்டில் 8 கிலோபைட் பதிவை அமுக்கினால் பாதியாகக் குறைந்தால் மட்டுமே இடம் மிஞ்சும். 16 இல் எல்இசட்4 அமுக்கத்துக்குக் கூடுதல் வாய்ப்பு உண்டு. மைஎஸ்க்யூஎல் இன்னோடிபியின் பக்கமும் 16 கிலோபைட் என்பதால் அங்கேயும் அதே அளவு பொருந்தும்.

இசட்எஃப்எஸ் ஒரு பதிவை முழுமையாக எழுதும், அல்லது எழுதவே மாட்டாது. பாதிப் பக்கம் புதியதும் பாதி பழையதுமாகக் கிழியும் நிலை அங்கே எழாது. ஆகவே அந்தக் கிழிவுக்கு எதிராக முழுப் பக்கத்தையும் வோலில் எழுதும் 'ஃபுல் பேஜ் ரைட்ஸ்' அமைப்பை அங்கே நிறுத்தலாம். வோலின் அளவு பெரிதும் குறையும். 12 ஆம் பதிப்பில் வந்த 'வோல்_ரீசைக்கிள்', 'வோல்_இனிட்_சீரோ' ஆகிய இரண்டையும் கொப்பி-ஒன்-ரைட் கோப்பு முறைமைகளில் நிறுத்துவது நல்லது. பழைய வோல் கோப்பை மறுபடி பயன்படுத்துவதால் இடம் மாறாது என்ற எண்ணத்தில் அமைந்த வழக்கம் அது. இங்கே எப்படியும் இடம் மாறும்.

எழுத்து வட்டில் பதியும் வரை காத்திருக்கச் செய்யும் 'ஸிங்க்' பண்பை நிறுத்தினால் வேகம் கூடும் என்று இணையத்தில் வாசிப்பீர்கள். செய்யாதீர்கள். இசட்எஃப்எஸ் இயல்பாக ஐந்து செக்கனுக்கொரு முறை தன் மாற்றங்களைத் தொகுத்து எழுதும். மின்சாரம் போனால் கோப்பு முறைமை பழுதடையாது, ஆனால் கடைசிச் சில செக்கன்களில் பதிவான நிறை காணாமல் போகும். விவசாயியின் கையில் பற்றுச்சீட்டு இருக்கும், தரவுத்தளத்தில் இருக்காது.

முத்தையன்கட்டு:

அறிவியல்நகர் கூறியவற்றோடு ஓர் எச்சரிக்கை: 'ஃபுல் பேஜ் ரைட்ஸ்' நிறுத்தும் ஆலோசனை இசட்எஃப்எஸ்ஸுக்கு மட்டுமே. பிடிஆர்எஃப்எஸ்ஸின் அடிப்படை அலகு 4 கிலோபைட். 8 கிலோபைட் பக்கத்தின் இரு பாதிகளும் ஒன்றாகவே போய்ச் சேரும் என்ற உறுதியை நம்பி நான் ஒரு கணக்கை ஒப்படைக்க மாட்டேன். '+சி' இட்ட அடைவில் அதை நிறுத்துவது பற்றி யோசிக்கவே வேண்டாம். வோல் அளவைக் குறைக்க வேண்டுமானால் 'செக்பொயின்ட்_டைம்அவுட்' அமைப்பை இயல்பான ஐந்து நிமிடத்திலிருந்து பதினைந்து, இருபது என்று கூட்டி, அதற்கேற்ப 'மெக்ஸ்_வோல்_சைஸ்' அமைப்பையும் 1 ஜிகாபைட்டிலிருந்து உயர்த்துங்கள். செக்பொயின்ட் (மாறிய பக்கங்களை வட்டில் எழுதி முடிக்கும் கட்டம்) ஒன்றுக்குப் பின்னர் முதன்முறை மாறும் பக்கந்தான் வோலில் முழுமையாக எழுதப்படுகிறது என்பதால், இடைவெளி கூடும்போது அந்த எழுத்து குறையும். திடீரென நின்ற பின்னர் மீள எழும்ப எடுக்கும் நேரம் சற்றுக் கூடும். அது உங்களுக்குத் தாங்கக்கூடிய அளவே.

மின்தடை பற்றி நீங்கள் எழுதியதுதான் எனக்கு எல்லாவற்றையும் விட முக்கியமாகப் படுகிறது. கொப்பி-ஒன்-ரைட் மின்தடையைத் தாங்கும் என்பது உண்மை. ஆனால் அந்த வாக்குறுதி வட்டின் நேர்மையைச் சார்ந்தது. 'இதுவரை தந்த அனைத்தையும் நிரந்தரமாக எழுதிவிட்டாயா' என்று கோப்பு முறைமை கேட்கும்போது, எழுதாமலேயே 'ஆம்' என்று சொல்லும் வட்டுகள் உண்டு. புதிய மரத்தின் கிளைகள் வட்டுக்குப் போகும் முன்னரே வேர் போய்விட்டால், மின்சாரம் திரும்பியதும் பிடிஆர்எஃப்எஸ் 'பேரன்ட் டிரான்ஸ்ஐடி' பொருந்தவில்லை என்று கூறி, மவுண்ட் ஆகவே மறுக்கும். இஎக்ஸ்டி4 இல் சில கோப்புகள் பழுதாகும் அதே தவறு இங்கே முழுக் கோப்பு முறைமையையும் முடக்கலாம். பழைய வேரைக் கொண்டு திறக்கும் மீட்பு வழிகள் பிடிஆர்எஃப்எஸ், இசட்எஃப்எஸ் இரண்டிலும் இருக்கின்றன. ஆனால் அறுவடை நாளில், வாசலில் உழவு இயந்திரங்கள் நிற்கும்போது, அவற்றை நம்பி நிற்கக்கூடாது.

ஆகவே எஸ்எஸ்டி வாங்கும்போது மின்னிழப்புப் பாதுகாப்பு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்; உள்ளே மின்தேக்கிகள் இருக்கும், மின்சாரம் போன பின்னரும் கையிலுள்ளதை எழுதி முடிக்கும். விலை கூடத்தான். சங்கத்தில் பணம் குறைவென்றால் கொள்ளளவைக் குறைத்து இந்த வகையையே வாங்கச் சொல்வேன். உங்களுக்கு 240 ஜிகாபைட் தாராளம். அதே வேளை யூபிஎஸ் பற்றரியை மாற்றி, மின்சாரம் போய்ச் சில நிமிடத்தில் போஸ்ட்கிரெஸை ஒழுங்காக நிறுத்தும்படி யூபிஎஸ்ஸைக் கணினியோடு இணையுங்கள்.

எக்ஸ்எஃப்எஸ்ஸா, இசட்எஃப்எஸ்ஸா என்பதில் உங்கள் சூழலை வைத்தே பேச வேண்டும். தானாகப் பழுதைத் திருத்தும் வசதி இசட்எஃப்எஸ் கண்ணாடிப் பிரதியில் உண்டு, எம்டியில் இல்லை. இந்த ஒன்றில் அறிவியல்நகர் சொல்வது மறுக்க முடியாதது. ஆனால் இசட்எஃப்எஸ் உரிமக் காரணத்தால் லினக்ஸ் கருவுக்கு வெளியே தனிக்கூறாக வருகிறது. கருவைப் புதுப்பிக்கும்போது அந்தக் கூறும் ஒத்துவருகிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க ஓர் ஆள் வேண்டும். நினைவகமும் உங்களிடம் 8 ஜிகாபைட்டே. லினக்ஸில் நீண்ட காலமாக இசட்எஃப்எஸ்ஸின் கேஷ் (வாசித்த தரவை நினைவகத்தில் வைத்திருக்கும் இடம்) இயல்பாகவே பாதி நினைவகம் வரை எடுத்துக்கொண்டது. வரம்பு வைக்கலாம், ஆனால் அதையும் அறிந்து செய்ய வேண்டும். நீங்கள் விடுமுறையில் போனால் அந்தச் சேர்வரைப் பார்க்க வேறு ஆள் இல்லை என்றால், வவுனியா_வலை சொன்ன எம்டி, எக்ஸ்எஃப்எஸ் வழிதான் உங்களுக்கு உகந்தது என்று இப்போது நானும் நினைக்கிறேன்.

பழைய பிடிஆர்எஃப்எஸ் வட்டுகளை வீசிவிடாதீர்கள். ஒரு முறை எழுதி, திருத்தப்படாமல் கிடக்கும் கோப்புகளுக்கு அதைப் போல நல்ல இடம் இல்லை. இரவுதோறும் 'பிஜி_டம்ப்' கருவியால் எடுக்கும் தரவு ஏற்றுமதி, 16 மெகாபைட் வோல் கோப்புகளின் ஆவணக் களஞ்சியம், முழுத் தரவு அடைவையும் எடுக்கும் 'பிஜி_பேஸ்பேக்கப்' பிரதிகள் எல்லாவற்றையும் அங்கே, செக்சத்தோடும் அமுக்கத்தோடும் வையுங்கள். முழு உறுப்பினர் கணக்கையும் எந்த நிமிடத்துக்கும் மீட்கும் வல்லமை மணித்தியால ஸ்னாப்ஷொட்டை விட வோல் களஞ்சியத்துக்கே உண்டு. படங்களையும் தரவுத்தளத்திலிருந்து எடுத்து அங்கேயே சாதாரண கோப்புகளாக வைக்கலாம். அப்போது எஸ்எஸ்டியில் 9 ஜிகாபைட்டே இருக்கும், அதன் பெரும்பகுதி எந்நேரமும் நினைவகத்திலேயே கிடக்கும்.

வவுனியா_வலை:

ஒரு சேர்க்கை மட்டும். களஞ்சியம் அதே அறையில் இருந்தால் மின்னல் ஒன்றாகவே கொண்டுபோகும். பிரதியொன்று வேறு கட்டிடத்தில் இருக்க வேண்டும். 'பிடிஆர்எஃப்எஸ் சென்ட்' முந்தைய ஸ்னாப்ஷொட்டுக்கும் இப்போதையதற்கும் இடையிலான வேறுபாட்டை மட்டும் அனுப்பும் என்பதால், மெதுவான இணைப்பிலும் இரவோடு இரவாகப் போய்விடும். அங்கே போய்ச் சேர்ந்த பிரதியை ஒரு கணினியில் திறந்து, தரவுத்தளத்தில் பழுது உண்டா என்று பார்க்கும் 'பிஜி_அம்செக்' ஓட்டி, ஓர் உறுப்பினரின் கணக்கைப் பற்றுச்சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். திறந்து பார்க்காத பிரதியை நான் கணக்கில் எடுப்பதில்லை.

சங்கக்கணக்கு:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நிர்வாகக் குழுவிடம் இந்த உரையாடலை வைத்தே விளக்கினேன்; மின்னிழப்புப் பாதுகாப்புள்ள இரண்டு எஸ்எஸ்டிகளுக்கும் யூபிஎஸ் பற்றரிக்கும் இணங்கினார்கள். எம்டி ரெயிட் 1, எக்ஸ்எஃப்எஸ், போஸ்ட்கிரெஸ் செக்சம் என்ற ஏற்பாட்டுக்கு மாற்றியாகிவிட்டது. படங்கள் வெளியே போய்விட்டன. மாலை அறிக்கை இப்போது ஒரு நிமிடத்துக்குள் முடிகிறது. வோல் களஞ்சியம் பழைய வட்டுகளில் சேர்கிறது. வேறு கட்டிடத்துக்கு அனுப்பும் வேலை அடுத்தது.

இரண்டு சிறு கேள்விகள். புதிய இடத்தில் 'வோல்_ரீசைக்கிள்', 'வோல்_இனிட்_சீரோ' ஆகியவற்றை நிறுத்த வேண்டுமா? பழைய ஸ்னாப்ஷொட்களை இனி முழுவதும் அழித்துவிடலாமா?

அறிவியல்நகர்:

எக்ஸ்எஃப்எஸ்ஸில் அவை இரண்டையும் இயல்பாக இருந்தபடியே விடுங்கள். அங்கே பழைய கோப்பை மறுபடி பயன்படுத்துவதில் உண்மையான பயன் உண்டு.

ஸ்னாப்ஷொட்களை அழிக்கலாம், ஆனால் வேறு கட்டிடத்திலுள்ள பிரதியை ஒரு முறை திறந்து சரிபார்த்த பின்னர். அழிக்கும் கட்டளை உடனே முடிந்தாலும், இடத்தை விடுவிக்கும் வேலை பின்னணியில் நெடுநேரம் ஓடும். அந்த வேளையில் வன்தட்டு வேறெதற்கும் முகங்கொடுக்காது. ஆகவே இரவில், சிலவற்றை மட்டும் அழித்து, 'சப்வொலியூம் ஸிங்க்' கட்டளை முடியும் வரை பொறுத்திருந்து, மிகுதியை அடுத்த இரவுக்கு விடுங்கள்.